கோழிகளின் நோய் எதிர்ப்பாற்றலை ரெட்ரோவைரஸ்கள் குலைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழிகளில் ரெட்ரோவைரஸ் என்றதும் ஈரலும் மண்ணீரலும் கட்டிகளால் வீங்கி இறந்துபோகும் முட்டைக்கோழியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த வைரஸ்கள் தொற்றிய மந்தையில் கட்டி தோன்றும் கோழிகள் சிறுபான்மையே. மற்றவை வளர்ச்சி குன்றியும், முட்டை குறைந்தும், போட்ட தடுப்பூசிக்கு ஏற்ற எதிர்ப்பொருளை (கிருமியைப் பற்றி முடக்கும் புரதத்தை) உருவாக்க முடியாமலும், வேறு ஏதாவது ஒரு கிருமிக்குப் பலியாகின்றன. அந்தப் பெரும்பான்மைக் கோழிகளின் உடலில் நடப்பதைப் பற்றியதே இந்தக் கேள்வி-பதில் தொகுப்பு.

ரெட்ரோவைரஸ் மற்ற வைரஸ்களிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

இதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் நுழைந்ததும், தான் உடன் கொண்டுவந்த ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியைக் கொண்டு அந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்தப் படியைக் கோழியின் சொந்த மரபணுத்தொகுதிக்குள்ளேயே செருகிவிடுகிறது. செருகப்பட்ட இந்தப் பகுதிக்குப் புரோவைரஸ் என்று பெயர். அதன்பின் அந்த உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் புரோவைரஸும் சேர்ந்தே படியெடுக்கப்படுகிறது. உடல் வைரஸ் துகள்களை அழித்தாலும், புரோவைரஸைத் தாங்கிய உயிரணு இருக்கும்வரை தொற்று முற்றிலும் நீங்குவதில்லை.

இந்த வைரஸ் குழுவைப் பற்றிய அடிப்படை அறிவில் பெரும்பகுதி கோழியிலிருந்தே கிடைத்தது. 1908இல் கோபன்ஹேகனில் எல்லர்மேன், பாங் என்ற இருவரும் கோழிகளின் ரத்தப் புற்றை, உயிரணுக்கள் நீக்கி வடிகட்டிய சாற்றின் மூலமே வேறு கோழிகளுக்குக் கடத்த முடியும் என்று காட்டினர். 1911இல் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் திசுக்கட்டி ஒன்றை அவ்வாறே கடத்திக் காட்டினார். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1966இல்தான் கிடைத்தது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தபோது, டெமின் பயன்படுத்தியதும் ரவுஸ் கண்டறிந்த அதே கோழி வைரஸைத்தான்.

கோழிகளைத் தாக்கும் முக்கிய ரெட்ரோவைரஸ்கள் எவை?

இரண்டு குழுக்களை அறிந்துகொண்டால் போதும். முதலாவது கோழி லூக்கோசிஸ் (ரத்த உயிரணுப் புற்று) வைரஸ். இதில் கோழிகளுக்குரியவை ஏ, பி, சி, டி, ஈ, ஜே, கே என்ற துணைக்குழுக்கள். இவற்றுள் ஈ துணைக்குழு கோழியின் மரபணுத்தொகுதியிலேயே பரம்பரையாக இருந்துவரும் உள்ளார்ந்த வைரஸ். மற்றவை வெளியிலிருந்து தொற்றுபவை. ஜே துணைக்குழு 1980களின் இறுதியில் பிரிட்டனில் இறைச்சிக்கோழி இனங்களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டு, அடுத்த பத்தாண்டில் உலகின் பல பகுதிகளில் இறைச்சிக்கோழித் தாய் மந்தைகளைப் பாதித்தது.

இரண்டாவது ரெட்டிக்குலோ எண்டோதீலியோசிஸ் வைரஸ். பெயர் நீளமானது என்பதால் இனி இதை ஆர்.இ.வி. என்றே குறிப்பிடுகிறேன். கோழி, வான்கோழி, வாத்து, காடை எனப் பல பறவைகளை இது தாக்கும். பெயரில் ஒற்றுமை இல்லை என்பதோடு, பரம்பரையிலும் இது லூக்கோசிஸ் வைரஸுக்கு நெருங்கியதன்று. அமைப்பில் பாலூட்டிகளின் ரெட்ரோவைரஸ்களையே அதிகம் ஒத்திருக்கிறது. எதிர்ப்பாற்றலைக் குலைப்பதில் இரண்டுள் கொடியது எது என்று கேட்டால், என் மதிப்பீட்டில் ஆர்.இ.வி.தான்.

கோழியின் எதிர்ப்பாற்றல் எங்கே உருவாகிறது?

கோழியில் இதற்கென இரண்டு முதன்மை உறுப்புகள் உள்ளன. கழுத்தின் இருபுறமும் கழுத்துச் சிரையை ஒட்டிச் சங்கிலி போல அமைந்த மடல்களாலான தைமஸ், தொற்றிய உயிரணுக்களை அழிக்கவும் மற்ற எதிர்ப்பாற்றல் உயிரணுக்களை இயக்கவும் உதவும் டி உயிரணுக்களைப் பக்குவப்படுத்துகிறது. எச்சப்புழையின் மேற்புறத்தில் சிறு பை போல அமைந்த ஃபேப்ரீசியஸ் பர்சா, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி உயிரணுக்களை உருவாக்குகிறது. பாலூட்டிகளுக்குப் பர்சா கிடையாது. அவற்றில் இந்த வேலை எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது. பர்சாவின் பயன் வெகுகாலம் தெரியாமலே இருந்தது. குஞ்சுப் பருவத்தில் பர்சா அகற்றப்பட்ட கோழிகளுக்குச் சால்மோனெல்லாக் கிருமியைச் செலுத்தியபோது, அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பொருள் உருவாக்கவில்லை என்பதை 1956இல் புரூஸ் கிளிக் குழுவினர் வெளியிட்ட பிறகே அதன் பணி புலப்பட்டது.

பர்சாவைப் பிளந்தால் உள்ளே நீளவாக்கில் மடிப்புகள் தெரியும். ஒவ்வொரு மடிப்பிலும் நெருக்கமாக நுண்ணறைகள் நிறைந்திருக்கும். ஒரு பர்சாவில் ஏறத்தாழ 10,000 நுண்ணறைகள் உண்டு. முட்டைக்குள் கரு வளரும் நாட்களிலேயே முன்னோடி உயிரணுக்கள் இங்கே குடியேறி, பெருகி, குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களில் மண்ணீரலுக்கும் மற்றத் திசுக்களுக்கும் பரவுகின்றன. பருவமடையும் வேளையில் பர்சா தானே சுருங்கி மறைந்துவிடும். ஆகவே கரு நிலையிலும் முதல் சில வாரங்களிலும் இந்த உறுப்புக்கு நேரும் சேதத்தை, பிறகு ஈடுசெய்ய வாய்ப்பு மிகக் குறைவு. ரெட்ரோவைரஸ்கள் இவ்வளவு கேடு விளைவிப்பதற்கு அவற்றின் வீரியத்தைவிட அவை தாக்கும் காலமே பெரிய காரணம்.

ஆர்.இ.வி. எதிர்ப்பாற்றலை எந்த வழிகளில் குறைக்கிறது?

கரு நிலையிலோ பொரித்த ஓரிரு நாட்களிலோ தொற்றினால், பர்சாவும் தைமஸும் சுருங்கிவிடுகின்றன. பரிசோதனைக்கு அறுக்கப்பட்ட சில வார வயதுக் குஞ்சில், உடலின் அளவுக்கு இருக்கவேண்டிய பர்சாவுக்குப் பதிலாகச் சிறுத்து மெலிந்த ஒரு பையே கிடைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணறைகளுக்குள் நிணநீர் உயிரணுக்கள் (பி, டி உயிரணுக்களின் பொதுப்பெயர்) குறைந்து, அவற்றுக்கு இடையிலான இணைப்புத்திசு அகன்று காணப்படும். தைமஸ் மடல்களும் அவ்வாறே மெலிந்திருக்கும். தொழிற்சாலையே சுருங்கியபின் எதிர்ப்பொருளும் டி உயிரணுக்களும் போதுமான அளவில் வர வழியில்லை.

உறுப்புகள் சுருங்குவது பாதிக்கதைதான். எஞ்சிய உயிரணுக்களும் மந்தமாகின்றன. தொற்றிய கோழியிலிருந்து நிணநீர் உயிரணுக்களை எடுத்து, அவற்றைப் பெருகத் தூண்டும் வேதிப்பொருட்களோடு ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால், ஆரோக்கியமான உயிரணுக்களைப் போல அவை பெருகுவதில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது, தொற்றிய கோழியின் மண்ணீரல் உயிரணுக்களை ஆரோக்கியமான உயிரணுக்களோடு கலந்தால் அவற்றின் பெருக்கமும் அடங்கிப்போகிறது என்பது. அதாவது, தூண்டலுக்கு மறுமொழி தராததோடு, பிறவற்றின் மறுமொழியையும் அடக்கும் உயிரணுக்கள் அங்கே உருவாகியிருக்கின்றன. வைரஸின் உறைப்புரதத்தில், சவ்வை ஊடுருவி நிற்கும் பகுதியில், எதிர்ப்பாற்றலை அடக்கும் தன்மையுள்ள ஒரு குறுகிய அமினோ அமிலத் தொடர் இருக்கிறது. எலி முதலிய பாலூட்டிகளின் ரெட்ரோவைரஸ்களிலும் இதை ஒத்த தொடர் உண்டு.

இவற்றின் கூட்டு விளைவே குன்றிய வளர்ச்சி நோய்க்கூறு எனப்படும் நிலை: குஞ்சுகள் எடை கூடாமல் நிற்கும், வெளிறியிருக்கும், இரைப்பையும் குடலும் அழற்சியுறும். இறகிலும் ஓர் அடையாளம் உண்டு. இறக்கையின் நீண்ட இறகை விரித்துப் பார்த்தால், நடுத்தண்டிலிருந்து இருபுறமும் விரியவேண்டிய இழைகள் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் விரியாமல் தண்டோடு ஒட்டிக்கிடக்கும். எல்லாக் குஞ்சிலும் இது தெரியாது. தெரியும் மந்தையில் ஆர்.இ.வி.யைச் சந்தேகிக்கலாம்.

கோழி லூக்கோசிஸ் வைரஸும் இதே முறையில்தான் செயல்படுகிறதா?

இல்லை. ஆர்.இ.வி. அளவுக்கு இது பர்சாவையும் தைமஸையும் எல்லா நிலையிலும் அழிப்பதில்லை. ஏ, பி துணைக்குழுக்களைப் பொறுத்தவரை, பொதுவான எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குறைந்தது என்று கூறும் ஆய்வுகளும், பெரிய மாற்றமில்லை என்று கூறும் ஆய்வுகளும் உள்ளன. வைரஸின் வகை, கோழியின் இனம், தொற்றிய வயது ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவதே இதற்குக் காரணம். எனினும் மூன்று பாதைகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, சகிப்புத்தன்மை. கரு நிலையில் வைரஸ் தொற்றினால், எது தன்னுடையது, எது அந்நியமானது என்று எதிர்ப்பாற்றல் அமைப்பு கற்றுக்கொள்ளும் கட்டத்திலேயே வைரஸின் புரதங்கள் உடலில் நிறைந்திருக்கின்றன. அதனால் அந்தக் கோழி அவற்றைத் தன்னுடையவையாகவே கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் ரத்தத்தில் வைரஸ் இருந்தும் அதற்கெதிரான எதிர்ப்பொருள் ஒரு துளியும் உருவாவதில்லை. இது பொதுவான பலவீனம் அன்று, இந்த வைரஸ் ஒன்றைக் குறித்த குருட்டுத்தன்மை. ஆனால் அதன் விளைவாக வைரஸ் தடையின்றிப் பெருகுவதால் மற்றச் சேதங்கள் தொடர்கின்றன.

இரண்டாவது, பி உயிரணுக்கள் பாதியில் நின்றுவிடுவது. நிணநீர் லூக்கோசிஸ் என்ற புற்று பர்சாவின் நுண்ணறைக்குள்ளேயே தொடங்குகிறது. புரோவைரஸ், சி-மிக் என்ற கோழியின் சொந்த மரபணுவுக்கு அருகில் செருகிக்கொண்டு, தன் முடுக்கிப் பகுதியால் அந்த மரபணுவை ஓயாமல் இயங்கச் செய்கிறது. 1981இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, புற்றுநோய் மரபணு ஆய்வுக்கே ஒரு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாறு மாறிய உயிரணுக்கள் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைத் தாங்கிய இளம்நிலையிலேயே நின்றுவிடுகின்றன. ஐஜிஒய் என்ற வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும் முதிர்நிலைக்கு மாறுவதில்லை. நுண்ணறை நிறைய உயிரணுக்கள் இருக்கும், பயனுள்ளவை இரா. பர்சாவை முன்கூட்டியே அகற்றிவிட்டால் இந்தப் புற்றே தோன்றுவதில்லை என்பது, எல்லாம் அங்கிருந்தே தொடங்குகிறது என்பதற்குச் சான்று.

மூன்றாவது, ஜே துணைக்குழுவுக்குச் சிறப்பாக உரியது. இது நிணநீர் உயிரணுக்களைவிட மஜ்ஜை வழிவரும் உயிரணுக்களை விரும்பித் தாக்குகிறது. கிருமியை விழுங்கி, அதன் துண்டுகளை டி உயிரணுக்களுக்கு எடுத்துக்காட்டும் மேக்ரோஃபேஜ்களும் அவற்றின் முன்னோடிகளும் அதில் அடங்கும். எச்சரிக்கை கொடுக்கவேண்டிய உயிரணுவே தொற்றுக்கு உள்ளாகும்போது, முதல்நிலைத் தற்காப்பும் அதைத் தொடரவேண்டிய எதிர்ப்பொருள் உருவாக்கமும் சேர்ந்தே தளர்கின்றன.

தடுப்பூசி போட்டும் நோய் வருவதற்கு இது காரணமாக இருக்க முடியுமா?

முடியும். ஆர்.இ.வி. தொற்றிய குஞ்சுகளில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் அளவு குறைவாகவே எழுவது பலமுறை காட்டப்பட்டுள்ளது. கட்டிகளையும் நரம்புத் தடிப்பையும் உண்டாக்கும் மேரக் நோய்க்கு வான்கோழி ஹெர்பஸ் வைரஸைக் கொண்டு போடப்படும் தடுப்பூசியின் பாதுகாப்பும் ஆர்.இ.வி. தொற்றால் குலைகிறது. எதிர்ப்பாற்றல் தளர்ந்த மந்தையில் ஈ-கோலி தொற்று, ரத்தக்கழிச்சல், கோழி அம்மை போன்றவை வழக்கத்தைவிடக் கடுமையாகவும் நீண்ட நாட்களும் நிலைக்கின்றன.

ஆனால் தடுப்பூசி பலிக்காத ஒவ்வொரு முறையும் ரெட்ரோவைரஸைக் குற்றம் சொல்வது சரியன்று. குளிர்நிலை தவறிய மருந்து, குடிநீரில் இருந்த குளோரின், தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பொருளின் குறுக்கீடு, பூஞ்சை நச்சு கலந்த தீவனம் ஆகியவையே அன்றாடக் காரணங்கள். அவற்றைச் சோதித்து விலக்கிய பிறகும் ஒரே தாய் மந்தையிலிருந்து வந்த குஞ்சுகள் மட்டும் தொடர்ந்து தடுமாறினால், அப்போது தாய் மந்தையை நோக்குவது பொருத்தம்.

கம்போரோ, மேரக், தொற்று ரத்தசோகை ஆகியவையும் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவைதானே?

ஆம், ஆனால் அவை எவையும் ரெட்ரோவைரஸ்கள் அல்ல. கம்போரோவை உண்டாக்குவது பர்சாவைக் குறிவைக்கும் ஒரு பிர்னாவைரஸ். மேரக் நோயை உண்டாக்குவது ஒரு ஹெர்பஸ் வைரஸ். தொற்று ரத்தசோகையை உண்டாக்குவது மிகச் சிறிய ஒரு டி.என்.ஏ. வைரஸ். பண்ணையில் இவை பெரும்பாலும் தனித்து வருவதில்லை. இரண்டு மூன்று சேர்ந்தே வந்து ஒன்றின் கேட்டை மற்றொன்று பெருக்குகின்றன.

கட்டி தெரிந்தால் வேறுபடுத்த ஓரளவு வழி உண்டு. மேரக் நோய் சில வார வயதிலிருந்தே தோன்றக்கூடும். நரம்புகள் தடிக்கும், கால் இழுத்துக்கொள்ளும். நிணநீர் லூக்கோசிஸ் பெரும்பாலும் 14 வார வயதுக்குப் பிறகே தோன்றும். நரம்பு பாதிக்கப்படாது, பர்சாவில் முடிச்சு முடிச்சாகக் கட்டி இருக்கும். குழப்பம் விளைவிப்பது ஆர்.இ.வி.தான், அது நரம்பையும் தடிக்கச் செய்யும், பர்சாக் கட்டியையும் உண்டாக்கும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்வதைத் தவிர்ப்பது நல்லது.

தொற்று எவ்வாறு பரவுகிறது?

லூக்கோசிஸ் வைரஸ் தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குச் செல்கிறது. தொற்றிய கோழியின் கருக்குழாயில் வைரஸ் பெருகி, வெள்ளைக்கருவில் கலந்து, அங்கிருந்து கருவை அடைகிறது. சகிப்புத்தன்மை பெற்ற கோழிகள், அதாவது ரத்தத்தில் வைரஸ் இருந்தும் எதிர்ப்பொருள் இல்லாதவை, தாம் இடும் முட்டைகளில் பெரும்பாலானவற்றின் வழியே வைரஸைக் கடத்துகின்றன. இந்த வழியில் தொற்றும் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், அவை பொரிப்பகத்திலும் கொட்டகையிலும் எச்சத்தின் மூலம் பக்கத்துக் குஞ்சுகளுக்குப் பரப்பிவிடுகின்றன. வயது கூடியபின் தொற்றும் கோழிகள் பெரும்பாலும் எதிர்ப்பொருள் உருவாக்கி, வைரஸை ரத்தத்திலிருந்து நீக்கிவிடுகின்றன.

ஆர்.இ.வி.யும் முட்டை வழியே செல்லும், ஆனால் அவ்வளவு அதிகமாக அன்று. நேரடித் தொடர்பும், ரத்தம் குடிக்கும் கொசு போன்ற பூச்சிகளும் இதைப் பரப்பக்கூடும். உடலுக்கு வெளியே இரு வைரஸ்களும் நெடுநேரம் தாங்குவதில்லை. வெப்பமும் சோப்பும் கிருமிநாசினியும் எளிதில் அழித்துவிடும்.

தடுப்பூசியின் வழியாகவே இந்த வைரஸ் பரவியதாகக் கூறுகிறார்களே, உண்மையா?

உண்மைதான், இதைத் தனியாகச் சொல்லவேண்டும். 1970களில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் மேரக் தடுப்பூசியில் ஆர்.இ.வி. கலந்திருந்ததால், போடப்பட்ட குஞ்சுகள் வளர்ச்சி குன்றி இறகு கோணின. நேரடி வைரஸ் தடுப்பூசிகள் கருமுட்டையிலோ கோழி உயிரணுக்களிலோ வளர்க்கப்படுகின்றன. அந்த முட்டையில் ரெட்ரோவைரஸ் இருந்தால் அது மருந்துக் குப்பிக்குள்ளும் சென்றுவிடும். ஒரு நாள் வயதுக் குஞ்சுக்கு ஊசியால் நேரடியாகச் செலுத்தப்படும்போது, மிகவும் கேடான வயதில், மிகவும் நேரான வழியில் தொற்று நிகழ்ந்துவிடுகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. ஆர்.இ.வி. தன் மரபுப்பொருளைக் கோழியின் டி.என்.ஏ.வில் மட்டுமன்றி, வேறு பெரிய டி.என்.ஏ. வைரஸ்களிலும் செருகிக்கொள்ளும். கோழி அம்மை வைரஸின் மரபணுத்தொகுதியில் ஆர்.இ.வி.யின் பகுதிகள் செருகப்பட்டிருப்பது 1997இல் வெளியிடப்பட்டது. பண்ணைகளில் சுற்றும் அம்மை வைரஸ் வகைகள் பல, ஏறத்தாழ முழு ஆர்.இ.வி. புரோவைரஸையே சுமந்து திரிகின்றன. அம்மை வந்த கோழிக்கு எதிர்ப்பாற்றல் குலைவும் உடன் வருவதற்கு இது ஒரு காரணமாகலாம். இதனால்தான் தடுப்பூசி தயாரிப்பில், குறிப்பிட்ட கிருமிகள் இல்லையென்று சோதித்து உறுதிசெய்யப்பட்ட மந்தைகளின் முட்டைகள் பயன்படுத்தப்படுகின்றன.

எந்தப் பரிசோதனையால் உறுதிசெய்யலாம்?

லூக்கோசிஸுக்கு வழக்கமானது, எல்லாத் துணைக்குழுக்களுக்கும் பொதுவான பி27 என்ற புரதத்தைத் தேடும் எலைசா பரிசோதனை. இனவிருத்தி மந்தையில் ஒவ்வொரு கோழியின் முதல் முட்டைகளையும் தனித்தனியே அடையாளமிட்டு, வெள்ளைக்கருவை எடுத்துச் சோதிக்கிறார்கள். பொரித்த குஞ்சின் முதல் எச்சத்தையும், வளர்ந்த கோழியின் எச்சப்புழையில் தோய்த்த பஞ்சையும் அவ்வாறே சோதிப்பதுண்டு. உள்ளார்ந்த ஈ துணைக்குழுவும் இதே புரதத்தை உருவாக்கும் என்பதால், நேர்மறை முடிவு வந்ததும் பதறவேண்டியதில்லை. துணைக்குழுவைப் பிரித்தறியும் பி.சி.ஆர். பரிசோதனை தேவைப்படும். எதிர்ப்பொருள் பரிசோதனை மட்டும் செய்து "மந்தை சுத்தம்" என்று சொல்வது ஆபத்தானது. மிக அதிகமாக வைரஸைக் கடத்தும் சகிப்புத்தன்மைக் கோழிகளுக்கு எதிர்ப்பொருளே இருக்காது என்பது மேலே கூறப்பட்டது.

சிகிச்சையோ தடுப்பூசியோ இருக்கிறதா?

சிகிச்சை இல்லை. பண்ணைப் பயன்பாட்டுக்குரிய தடுப்பூசியும் இல்லை. கருவிலேயே தொற்றி, வைரஸைத் தன்னுடையதாகக் கருதும் கோழிக்குத் தடுப்பூசி எதையும் செய்ய இயலாது. பரவலின் வேரோ அந்தக் கோழிகளில்தான் இருக்கிறது. ஆகவே பயனளித்த ஒரே வழி, மூல இனவிருத்தி மந்தைகளில் வைரஸைக் கடத்தும் தாய்க்கோழிகளைச் சோதித்து விலக்கி, அவற்றின் குஞ்சுகளைச் சிறு குழுக்களாகத் தனித்து வளர்த்து, தலைமுறை தலைமுறையாக அதையே திரும்பச் செய்வது. இவ்வாறே பெரிய இனவிருத்தி நிறுவனங்கள் ஜே துணைக்குழுவைத் தம் இனங்களிலிருந்து பெருமளவு அகற்றின. கட்டி தோன்றாத மந்தையிலும் இதற்குப் பொருளாதாரப் பயன் உண்டு: வைரஸைக் கடத்தும் முட்டைக்கோழிகள், கடத்தாதவற்றைவிட 497 நாள் வயதுக்குள் 20 முதல் 35 முட்டைகள் குறைவாக இட்டதாக ஆய்வு காட்டியிருக்கிறது.

வணிகப் பண்ணையாளர் தாமே செய்யக்கூடியது குறைவு: குஞ்சு வாங்கும் மந்தையின் பரிசோதனை விவரத்தைக் கேட்பது, வெவ்வேறு மூலங்களின் குஞ்சுகளைக் கலக்காமல் இருப்பது, ஊசியைக் கோழிக்குக் கோழி மாற்றுவது, கொசுவைக் கட்டுப்படுத்துவது.

பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் வைரஸ் தீங்கற்றதா?

பெரும்பாலும் தீங்கற்றது, ஒரு விலக்கு உண்டு. குஞ்சுகளை இறகைப் பார்த்துப் பால் பிரிப்பதற்காகப் பயன்படும் மெதுவிறகுப் பண்பின் மரபணுவுக்கு மிக அருகில் ஈ.வி.21 என்ற உள்ளார்ந்த புரோவைரஸ் அமர்ந்திருக்கிறது. அதைக் கொண்ட தாயின் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே ஈ துணைக்குழு வைரஸைச் சந்தித்துச் சகிப்புத்தன்மை பெறுவதால், பின்னர் வெளியிலிருந்து வரும் லூக்கோசிஸ் வைரஸுக்கும் பலவீனமாகவே எதிர்ப்பொருள் உருவாக்குகின்றன.

இந்த வைரஸ்கள் மனிதரைத் தாக்குமா?

இவற்றால் மனிதருக்கு நோய் வந்ததாக நிறுவப்படவில்லை.

வைரஸ் நுழையவே முடியாத கோழியை உருவாக்க முடியுமா?

ஓரளவுக்கு முடிந்திருக்கிறது. லூக்கோசிஸ் வைரஸின் ஒவ்வொரு துணைக்குழுவும் கோழி உயிரணுவின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியை (நுழைவாயிலாகப் பயன்படும் புரதத்தை) பற்றிக்கொண்டே உள்ளே நுழைகிறது. அந்த ஏற்பி இயல்பாகவே மாறியுள்ள கோழிகளுக்கு அந்தத் துணைக்குழு தொற்றுவதில்லை. ஜே துணைக்குழு பற்றும் ஏற்பி, உயிரணுவில் சோடியத்தையும் ஹைட்ரஜனையும் மாற்றிக் கடத்தும் ஒரு புரதம். அதில் 38ஆவது இடத்திலுள்ள டிரிப்டோபன் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மரபணுத் திருத்தத்தால் நீக்கிய கோழிகளுக்கு ஜே தொற்றவில்லை என்றும், அவை இயல்பாகவே வளர்ந்தன என்றும் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். இந்தத் திருத்தம் ஜே ஒன்றுக்கே தடை. ஏ, பி துணைக்குழுக்களும் ஆர்.இ.வி.யும் நுழைவது வேறு ஏற்பிகளின் வழியே என்பதால், அவற்றுக்கு இந்தக் கோழியும் மற்றக் கோழிகளைப் போலவே திறந்த வாசல்தான்.